அடைபட்ட வயிற்றுக்கு மாற்றுப் பாதை

வணக்கம் நேயர்களே. நான் வயிற்று அறுவை மருத்துவர். கோத்தகிரியில் பிறந்து, கோயம்புத்தூரில் வேலை பார்த்தவன்.

நீலகிரி மலையில் கேத்தி பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார், கேரட் தோட்டக்காரர். "மத்தியானம் சாப்பிட்டது மறுநாள் காலையில அப்படியே வெளிய வருது டாக்டர்" என்றார். முந்தின நாள் கேரட் துண்டுகூட முழுசாகக் கிடந்ததாம். பித்தத்தின் மஞ்சள், பச்சை எதுவும் இல்லை. வயிற்றைப் பிடித்து லேசாகக் குலுக்கினேன். பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கினால் வருமே, அந்தத் தளும்பல் சத்தம். இரைப்பை முடியும் இடத்தைப் புற்றுநோய் அடைத்திருந்தது. கல்லீரலுக்கும் பரவிவிட்டதால் கட்டியை எடுத்துப் பயனில்லை.

குன்னூர் சாலையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போகிறோம் அல்லவா, அதுதான் இங்கேயும். சிறுகுடலின் ஒரு வளைவை மேலே இழுத்து, கட்டிக்கு முன்னாலேயே இரைப்பையோடு இணைத்துவிடுவோம். 1881-ல் வியன்னாவில் ஆன்டன் வோல்ஃப்ளர் என்ற அறுவை மருத்துவர் முதலில் செய்தது. அவரும் வயிற்றைத் திறந்த பிறகுதான் கட்டியை எடுக்க முடியாது என்று கண்டார்.

இதில் ஒரு சங்கடம். பல வாரம் ஊதிக் கிடந்த இரைப்பை சோம்பிப்போயிருக்கும். புது வாசல் வைத்தாலும் சாப்பாடு கட்டிப் பக்கமே போய்த் தேங்கலாம். 1925-ல் மெல்போர்ன் அறுவை மருத்துவர் டிவைன் இரைப்பையைக் குறுக்கே முழுதாகப் பிரித்தார். ஆனால் கட்டிப் பக்கம் மிஞ்சிய பைக்கு இரண்டு முனையும் அடைப்பு. நீர் சேர்ந்து தையல் விட்டுப்போகும் ஆபத்து உண்டு. அதனால் இப்போது முழுதாக வெட்டாமல், ஓரத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டுவைக்கிறோம். சாப்பாடு பெரும்பாலும் புது வழியில் போகும். கட்டிப் பக்கம் ஊறும் நீர் அந்த இடைவெளி வழியாக இந்தப் பக்கம் வந்துவிடும். முடிந்த இடத்தில் என் கை இதற்குத்தான் போகும். சின்னத் துளைகள் வழியாக, லேப்ராஸ்கோப்பியில் செய்தால் வலியும் குறைவு.

பெரியவரின் மகள் கேட்டார்: "ஸ்டென்ட் வச்சா ஓரிரு நாள்லயே சாப்பிடலாமாமே?" உண்மைதான். வாய் வழியாக விடும் எண்டோஸ்கோப்பி கருவியால் வைக்கும் கம்பிவலைக் குழாய் அது. வயிற்றைக் கிழிக்க வேண்டாம். ஆனால் வலைக்குள் கட்டி வளர்ந்து மறுபடி அடைக்கும், சில சமயம் நழுவும். 2010-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று, இரண்டு மாதத்துக்கு மேல் உயிரோடிருப்பார் என்று தோன்றினால் அறுவை, இல்லையென்றால் ஸ்டென்ட் என்றது. 39 பேர்தான், சின்ன ஆய்வு; என் அனுபவமும் அதே பக்கம்தான். படுத்த படுக்கையானவருக்கு நான் கத்தி எடுக்க மாட்டேன். பெரியவரோ எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார். ஸ்டென்ட் அடைக்கும் ஒவ்வொரு முறையும் வாந்தியோடு இத்தனை கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவதை யோசித்துப் பாருங்கள்.

எண்டோஸ்கோப்பியிலேயே ஸ்கேன் பார்த்து இரைப்பையையும் குடலையும் இணைக்கும் புது முறையும் வந்திருக்கிறது. பழகிய கை இருக்கும் பெரிய மருத்துவமனையில் கேட்டுப் பார்க்கலாம்.

சரி, பெரியவருக்கு வருவோம். உடனே கத்தி வைக்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தேங்கியதை எடுத்து, வாந்தியில் போன உப்பையும் பொட்டாசியத்தையும் டிரிப்ஸில் ஈடுகட்டிய பிறகுதான் ஆபரேஷன். ஆறாம் நாள் ராகிக் கஞ்சி குடித்தார். அடுத்த முறை வந்தபோது ஒரு பை கேரட் கொண்டு வந்தார். வேகவைத்து மசித்துத்தான் சாப்பிட வேண்டும் என்றேன்.

"நான் மசிச்சுக்கறேன். இது உங்களுக்கு, கடிச்சே சாப்பிடுங்க டாக்டர்" என்றார்.