ஊற்றுக்கண்ணுக்கு மேலே இருக்கும் தோட்டம்

வணக்கம் நேயர்களே.

பத்து லிட்டர் வாளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் ஊற்றுத் தண்ணீர் வரும் குழாய்க்குக் கீழே அதை வையுங்கள். நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். 40 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 15 லிட்டர், ஒரு நாளைக்கு 21,600 லிட்டர். நம் சிங்கப்பூரில் ஒருவர் வீட்டில் ஒரு நாளில் செலவழிப்பது ஏறக்குறைய 140 லிட்டர். அந்தக் கணக்கில், கட்டைவிரல் தடிமனில் விழும் அந்தத் தண்ணீர் 150 பேருக்குப் போதும்.

இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தது மலேசியாவின் கேமரன் மலையில் கம்போங் ராஜா பக்கம் காய்கறி பயிரிடும் ஒரு தமிழ்க் குடும்பம். தேக்கா சந்தையில் 30 வருடத்துக்கு மேல் காய்கறிக் கடை வைத்திருந்தவன் நான். கோஸ், தக்காளி, சாலட் இலை எல்லாம் அந்த மலையிலிருந்துதான் எனக்கு வரும். சரக்குப் பார்க்க வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை மேலே போவேன். தோட்டத்தைப் பார்ப்பேன், விலை பேசுவேன், அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடுவேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு முறை போனபோது அந்த வீட்டுத் தங்கச்சி கை கழுவக் குழாயைத் திறந்துவிட்டு, "அண்ணே, கொஞ்சம் பொறுங்க, தண்ணி நூலாட்டம்தான் வருது" என்றது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் நல்ல மழை. மழை பெய்த மலையில் தண்ணீர் இல்லை என்றால் எப்படி என்று எனக்குப் புரியவில்லை. அன்று பிற்பகல் அவர்கள் என்னை மேலே கூட்டிக்கொண்டு போனார்கள்.

தமிழில் நாம் 'ஊற்றுக்கண்' என்று சொல்கிறோம். தண்ணீர் கசிந்து வெளியே வரும் அந்தச் சின்ன இடத்துக்குக் கண் என்று பெயர். கண்ணைப் பார்த்துவிட்டு ஊற்றையே பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அதன் உடம்பு மேலே இருக்கிறது. அதன் மேல் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி, பாறை வெடிப்புகளில் தேங்கி, மெல்ல மெல்ல நடந்து வந்து கண்ணில் எட்டிப்பார்க்கிறது. கேமரன் மலை கருங்கல் மலை. பல்லாயிரம் ஆண்டுகளாக அந்தக் கல் உளுத்து, மேலே கனமான மண் போர்வையாகக் கிடக்கிறது. மழைத்தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு வறண்ட மாதங்களில் விடுவது அந்தப் போர்வைதான்.

மேலே போய்ப் பார்த்தால், அந்தப் பஞ்சை இயந்திரம் வைத்து வெட்டியிருந்தார்கள். சரிவைச் சமதளமாக்கி, அடுக்கடுக்காக மேடை போட்டு, மேலே பிளாஸ்டிக் கொட்டகை. கொட்டகை போடுவதற்குக் காரணம் உண்டு. மழை நேராக அடித்தால் இலைப் பயிர் அழுகிவிடும். ஆனால் கூரையில் விழும் மழை மண்ணுக்குள் இறங்காது. 1,000 சதுர மீட்டர் கூரையில் 30 மில்லிமீட்டர் மழை பெய்தால் 30,000 லிட்டர் தண்ணீர். அவ்வளவும் ஒரே விளிம்பில் கொட்டி, மண்ணை அரித்துக்கொண்டு ஓடையில் சேருகிறது. ஒரு மணி நேரம் வெள்ளம், அடுத்த வாரம் வறட்சி. எனக்குப் புரியாமல் இருந்தது இதுதான்.

அரித்த மண் எங்கே போகிறது என்று கேட்டால், ரிங்லெட் அணைக்கு. 1963-ல் கட்டிய மின்சார அணை அது. மேலே காடழித்த சரிவுகளிலிருந்து வந்த வண்டல் அந்த நீர்த்தேக்கத்தில் வருடக்கணக்காகச் சேர்ந்தது. 2013 அக்டோபரில் பெருமழையில் அணை தாங்காது என்று நள்ளிரவில் தண்ணீரைத் திறந்துவிட, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் போயின, உயிர்களும் போயின. ஊற்று வற்றுவதும் வெள்ளம் வருவதும் எதிரெதிர் விஷயங்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டுக்கும் வேர் ஒரே சரிவில் இருக்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். ஊற்றுக்கு மேலே மக்காத கோழி எரு மூட்டை மூட்டையாக. மருந்தடிக்கும் தோட்டம் பக்கத்திலேயே. மண்ணுக்குள் இறங்குகிற கொஞ்சத் தண்ணீரும் அதைக் கழுவிக்கொண்டுதான் இறங்கும். கீழே அதே ஓடையில் குழாய் போட்டுக் குடிப்பவர்கள் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் செமாய் பூர்வகுடி மக்களும்.

அந்த மேல் தோட்டக்காரரைத் திட்டுவது எளிது. நானும் மனதுக்குள் திட்டினேன். ஆனால் காய்கறி வியாபாரியாக எனக்கு ஒன்று தெரியும். ஒரு கோஸில் புழு தின்ற ஓட்டை ஒன்று இருந்தால் அதன் விலை பாதியாகும். அந்தப் பாதி விலையைச் சொன்ன வாய் என்னுடையது. ஓட்டை இல்லாத கோஸ் வேண்டுமென்றால் மருந்தடிக்க வேண்டும். நிறைய கோஸ் மலிவாக வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் சரிவை வெட்ட வேண்டும். சந்தையில் நான் பேரம் பேசிக் குறைத்த காசு, அந்த மலையில் யாரோ ஒருவர் வெட்டிய மண்ணாக ஆகியிருக்கிறது.

நிலத்தின் கதை ஒன்றும் இருக்கிறது. கேமரன் மலையில் பல விவசாயிகள் நீண்ட காலமாகத் தற்காலிக உரிமத்தில்தான் பயிரிட்டு வந்திருக்கிறார்கள். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அடுத்த வருடம் இந்த நிலம் நம் கையில் இருக்குமா என்று தெரியாதவர், பத்து வருடம் கழித்து நிழல் தரும் மரத்தை ஏன் நடுவார்? ஊற்றைக் காப்பாற்று என்று அவரிடம் பேசுவதற்கு முன்னால், உன் நிலம் உன்னிடம் இருக்கும் என்று யாராவது சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் மரக்கன்று வாங்கிக் கொடுப்பதைவிட இதுதான் முக்கியம்.

நம் ஊர்க் கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கேனிங் கோட்டைக் குன்றில் ஒரு காலத்தில் ஊற்று இருந்தது. மலாய்க்காரர்கள் அதைப் பஞ்சூர் லராங்கான் என்றார்கள். தடைசெய்யப்பட்ட ஊற்று என்று பொருள். ஆங்கிலேயர் வந்த புதிதில் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களுக்கு அந்தத் தண்ணீரைத்தான் கொடுத்தார்கள். கப்பல்கள் பெருகின. தண்ணீர் போதாமல் குன்றைச் சுற்றிக் கிணறுகள் தோண்டினார்கள். 1830 வாக்கில் ஊற்று நின்றுவிட்டது. ஊற்றுக்கண்ணை யாரும் தொடவில்லை. சுற்றியிருந்த உடம்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அதே காலத்தில் தீவின் காடுகள் கம்பீர் (தோல் பதனிட உதவும் ஒரு செடி), மிளகுத் தோட்டங்களுக்காக அழிந்துகொண்டிருந்தன. கம்பீர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். மண் சத்துப் போனதும் அடுத்த காட்டுக்குப் போவார்கள். 1883-ல் கான்ட்லி என்ற அதிகாரி காடுகளின் நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்த பிறகுதான் புக்கிட் தீமா போன்ற இடங்கள் காப்புக்காடுகள் ஆயின. பிறகு நீர்த்தேக்கங்களைச் சுற்றியிருந்த காட்டில் யாரும் குடியிருக்கக் கூடாது என்று வைத்தோம். பன்றிப் பண்ணைகளைப் படிப்படியாக மூடுவதென்று 1984-ல் முடிவெடுத்தோம். மக்களை விலக்கித் தண்ணீரைக் காத்தோம் என்று சொல்லலாம். சின்னத் தீவுக்கு அது தேவைப்பட்டது. அதற்காக வீட்டையும் தொழிலையும் விட்டுக்கொடுத்த குடும்பங்களை நான் மறக்கவில்லை.

ஆனால் நம் மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தில் செய்ததைக் கேமரனில் செய்ய முடியாது. அங்கே மலையே மக்களின் வீடு. அதற்கு நம்மிடம் இருக்கும் பாடம் மரினா. 2008-ல் மரினா அணைக்கட்டு வந்தபோது, தீவின் ஆறில் ஒரு பங்கு நிலம் அதன் நீர்ப்பிடிப்பாக ஆனது. அதில் அடுக்குமாடி வீடுகள், கடைகள், நம் தேக்காவும் உண்டு. மக்கள் அங்கேயே வாழ்கிறார்கள். வாழும் இடத்திலேயே சாக்கடையில் எதைக் கொட்டலாம், எதைக் கொட்டக்கூடாது என்ற ஒழுங்கு வந்தது. மலைக்கு வேண்டியது அந்த மாதிரி ஒன்று. ஆனால் அரசாங்கம் மேலிருந்து சொல்வதைக் காட்டிலும் அங்கே வசிப்பவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்வதுதான் நிற்கும்.

நிற்கும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், சிக்கிமில் நின்றிருக்கிறது. இந்தியாவில் இமயமலைச் சரிவில் இருக்கும் அந்த மாநிலத்தில் கிராமத்துக் குடும்பங்களில் பெரும்பாலோர் குடிப்பது ஊற்றுத் தண்ணீர். ஊற்றுக்கு அவர்கள் மொழியில் தாரா. 2008-ல் மாநிலத்தின் ஊரக வளர்ச்சித் துறை 'தாரா விகாஸ்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. கிராமத்தில் இருப்பவர்களுக்கே பாறையைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பாறை அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். சில ஊற்றுகளுக்குத் தண்ணீர் மலையின் மறுபக்கத்திலிருந்து வரும். இது தெரியாமல் ஊற்றுக்கு நேர்மேலே பள்ளம் வெட்டினால் உழைப்பு வீண்.

இடம் தெரிந்த பிறகு, சரிவுக்குக் குறுக்கே சம உயரத்தில் வரிசை தப்பி வரிசையாகக் குழிகள் வெட்டினார்கள். 6 அடி நீளம், 3 அடி அகலம், இரண்டரை அடி ஆழம் என்று ஒரு குழி வெட்டினால், அது ஒரு முறை நிறையும்போது சுமார் 1,270 லிட்டர் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். இந்திய அரசின் நூறு நாள் வேலைத் திட்டத்தில் கூலியும் கிடைத்தது. வற்றிக்கிடந்த சுமார் 50 ஊற்றுகளுக்கு இப்படி உயிர் வந்தது.

எனக்கு அதைவிடப் பிடித்தது விவசாயப் பக்கம். சிக்கிமின் பெரிய ஏலக்காய் நிழலில் வளரும் பயிர். அதற்கு மேலே ஆல்டர் மரத்தை வளர்க்கிறார்கள். அந்த மரம் காற்றிலிருக்கும் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும், இலை கொட்டி மண்ணை மூடும், வேரால் சரிவைப் பிடிக்கும். ஊற்றுக்கு வேண்டியதும் ஏலக்காய்க்கு வேண்டியதும் ஒரே மரம். இரசாயன உரத்தை வருடக்கணக்கில் குறைத்துக்கொண்டே வந்து 2016-ல் முழுக்க இயற்கை வேளாண் மாநிலம் என்று அறிவித்தார்கள். விளைச்சல், சந்தை என்று சிரமங்கள் அவர்களுக்கும் உண்டு. ஆனால் ஊற்றுக்கு மேலே விஷம் தெளிக்காமல் பிழைக்க ஒரு வழி இருக்கிறது என்று காட்டினார்கள்.

ஏலக்காய்க் கதையைக் கேமரனில் அப்படியே ஒட்ட முடியாது. அங்கே என் நண்பர்கள் செய்தது சின்ன வேலைதான். முதலில் கீழ்வீட்டுக்காரர்கள், மேல் தோட்டத்துச் சீனப் பெரியவர், செமாய் கிராமத்து மூத்தவர்கள் எல்லாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினார்கள். சண்டையில்தான் தொடங்கியது. நாலாவது தடவைதான் பேச்சு பேச்சாக இருந்தது. மேல் தோட்டக்காரர் கொட்டகைத் தண்ணீரைக் குட்டையில் விட ஒப்புக்கொண்டார். குட்டை வெட்டும் ஆள் வேலையைக் கீழ்வீட்டுக்காரர்கள் செய்தார்கள். அந்தக் குட்டைத் தண்ணீரையே அவர் பயிருக்கும் எடுத்துக்கொள்கிறார். அதனால்தான் இன்றுவரை அது தூர்ந்துபோகவில்லை. மேடைகளின் விளிம்பில் வெட்டிவேர் வைத்தார்கள். மக்காத கோழி எருவை ஊற்றுப் பக்கம் கொண்டுவருவதில்லை என்று வாய்ப்பேச்சாக முடிவு செய்தார்கள். ஒருவர் அதை மீறினார், மறுபடி பேசினார்கள்.

ஊற்றுக்கண்ணைச் சுற்றிக் கல் அடுக்கி மூடித் தொட்டி கட்டினார்கள். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தண்ணீரைத் தேக்கி மட்டத்தை உயர்த்தினால், அது வேறு வழி தேடிப் போய்விடும். வழிந்தோடும் குழாயை ஊற்று வெளிவரும் மட்டத்துக்குக் கீழேதான் வைக்க வேண்டும். இதைச் சொன்னது செமாய்ப் பெரியவர் ஒருவர். பட்டணத்தில் படித்தவர் யாரும் சொல்லவில்லை.

நான் செய்தது ஒன்றுதான். கடையை மகனிடம் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு வருடம், அந்தத் தோட்டத்துக் கோஸை ஓட்டையோடு முழு விலைக்கு வாங்கினேன். கடையில் தனியாக அடுக்கி, ஏன் ஓட்டை இருக்கிறது என்று ஒரு பலகையில் எழுதி வைத்தேன். முதல் மாதம் பாதி வீணானது. பிறகு சில அம்மாமார் தேடி வந்து வாங்க ஆரம்பித்தார்கள். "புழு சாப்பிட்டதை நாமும் சாப்பிடலாம், தம்பி" என்று ஒரு பாட்டி சொன்னார். எல்லாரும் அப்படி வாங்கவில்லை. இன்றும் அந்தக் கோஸ் கடையின் ஓரத்தில்தான் இருக்கிறது. மகன் நிறுத்தவில்லை என்பதில் எனக்கு நிம்மதி.

வாளிக் கணக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். முன்பு 40 விநாடியில் நிரம்பிய வாளி, நான் மேலே போன அந்த வருடம் வறண்ட மாதத்தில் நிரம்ப ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆனது. குட்டை வெட்டி மூன்றாவது வருடம் 58 விநாடி. பழைய 40 திரும்பவில்லை. வெட்டிய மலை உடனே திரும்பி வளராது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுப் பிள்ளை அளந்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும். இந்த மாத எண் இன்னும் வரவில்லை. வெளியே போனதும் அழைத்துக் கேட்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.