யார், என்ன செய்கிறார்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்த மாணவி ஒருவர் இப்போது அமெரிக்காவில் இருக்கிறார். கிணற்று நீரில் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று கண்டறிவதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஒருநாள் போனில் கூப்பிட்டு, “சார், கிரீன் கார்டுக்கு மனு போடறேன். உங்க லெட்டர் ஒண்ணு வேணும்” என்றார். அன்றிரவே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். கடின உழைப்பாளி, கூர்மையான அறிவு, பணிவு, நேரம் தவறாதவர். எல்லாமே உண்மை. நான்கே நாளில் அவருடைய வக்கீல் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். பாதிக்கு மேல் மஞ்சள் கோடு. ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி: “இவருடைய ஆய்வை வைத்து யார், என்ன செய்கிறார்கள்?”

என் மாணவி மனு போட்டது ஈபி-1ஏ என்ற பிரிவில். அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கென்று 1990-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் வந்த பிரிவு அது. வேலை தருகிறவரை நம்பியிருக்க வேண்டாம். ஐ-140 படிவத்தை நிரப்பித் தானே மனு போடலாம். நோபல் மாதிரி ஒரு பெரிய பரிசு கையில் இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் பத்து அளவுகோல்களில் மூன்றையாவது காட்ட வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் நம்புவது இந்த மூன்றை: கட்டுரை எழுதியது, பிறர் கட்டுரைகளை மதிப்பிட்டது, துறைக்குப் பெரிய அளவில் பயன்பட்ட சொந்தப் பங்களிப்பு. முதல் இரண்டையும் காட்டிவிடலாம். கட்டுரையை மதிப்பிட்டுத் தந்ததற்கு நன்றி சொல்லி இதழ்கள் அனுப்பும் மின்னஞ்சல்களை மட்டும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். மூன்றாவதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

ஆர்மீனியாவிலிருந்து வந்த இயற்பியலாளர் போகோஸ் கசாரியன் இந்தப் பிரிவில் போட்ட மனு மறுக்கப்பட்டது. வழக்கு அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2010-இல் தீர்ப்பு. கட்டுரை எழுதியிருந்தால் அந்த அளவுகோல் நிறைவேறிவிட்டது, அதைப் படித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று அந்த இடத்திலேயே கேட்பது தவறு என்றது நீதிமன்றம். அதன் பிறகுதான் அதிகாரிகள் முதலில் அளவுகோல்களை எண்ணி, அப்புறம் மொத்தச் சான்றையும் ஒன்றாக வைத்து, இவர் துறையின் உச்சியில் இருக்கும் சிலரில் ஒருவரா என்று எடைபோடத் தொடங்கினார்கள். ஆனால் கசாரியனுக்கு அது உதவவில்லை. பேராசிரியர்கள் கடிதம் கொடுத்திருந்தும் அவருடைய பங்களிப்பு பெரியது என்பது நிரூபணமாகவில்லை. இரண்டு அளவுகோல்தான் தேறியது. எத்தனையோ பேருக்கு வழி திறந்துவிட்டவர் தன் வழக்கில் தோற்றார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

பணிவு நமக்குப் பெரிய குணம். மனுவைப் படிக்கும் அதிகாரிக்கு அது சான்று ஆகாது. என் மாணவி எழுதிய விவரக் குறிப்பில் எங்கு பார்த்தாலும் “நாங்கள் கண்டறிந்தோம்”. நாங்கள் என்றால் யார்? நீரில் ஃபுளோரைடைக் கண்டறியும் சோதனைத் தாளில் பூசும் கலவையை மாற்றிப் பார்த்தது அவர்தானே! அதைச் சொல்லக் கூச்சப்பட்டார். சரி, நீ சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்று இரண்டாவது கடிதத்தை எழுதினேன். முதல் வரியிலேயே கலவை. யோசனை யாருடையது, அதற்கு முன் சோதனை எப்படி நடந்தது, இப்போது எப்படி நடக்கிறது. முக்கால் பக்கத்தில் முடிந்தது. கூடவே, அவரை நேரில் பார்த்தே இராத, ஆனால் அவருடைய முறையைத் தங்கள் ஆய்வகத்தில் பயன்படுத்துகிற இரண்டு பேரிடம் கடிதம் கேட்கச் சொன்னேன். கூட இருந்த ஆசிரியர் புகழ்வதைவிட, முன்பின் தெரியாதவர் “இதைத்தான் பயன்படுத்துகிறோம்” என்று சொல்வதற்கு எடை அதிகம்.

மனு ஏற்கப்பட்டுவிட்டது. கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஆண்டு ஒதுக்கீட்டில் 7 சதவீதம்தான் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசையோ நீளம். மனு போட்ட தேதிதான் வரிசையில் அவருடைய இடம். எந்தத் தேதி வரை மனு போட்டவர்களுக்கு முறை வந்திருக்கிறது என்று சொல்லும் விசா அறிவிப்பு மாதாமாதம் வெளியானதும், இந்தியாவுக்கு எதிரே என்ன தேதி போட்டிருக்கிறார்கள் என்று இங்கிருந்து நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.