தள்ளிக்கொண்டு வந்த முள்ளம்பன்றி

அனைவருக்கும் வணக்கம்.

லெஸ்லி கிரஹாம். 500 சிசி மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் முதல் உலகச் சாம்பியன். அதற்கு முன்பு பிரிட்டிஷ் விமானப்படையில் பதக்கம் பெற்ற விமானி.

அரங்குக்குள் வரும்போது ஒரு தம்பி கேட்டார்: "போரில் உயிர் தப்பியவர், மறுபடியும் உயிரைப் பணயம் வைக்கும் வேலைக்கு ஏன் போனார்?" பந்தயம்தான் முதலில் வந்தது, தம்பி. 1911இல் இங்கிலாந்தின் வாலசியில் பிறந்தவர் அவர். போருக்கு முன்பே போட்டிகளில் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போர் வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. லிங்கன்ஷயரிலிருந்து லங்காஸ்டர் விமானத்தில் கிளம்பி ஜெர்மனியின் மேல் குண்டு வீசிவிட்டுத் திரும்பும் வேலை. விமானத்துக்கு ஏழு பேர். அந்த ஏழு பேரையும் வீடு கொண்டுவந்து சேர்ப்பது விமானியின் பொறுப்பு. அந்தக் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,000 பேருக்கு மேல் மடிந்தார்கள். 1944 டிசம்பரில் அவருக்கு டிஸ்டிங்விஷ்டு ஃப்ளையிங் கிராஸ் என்ற வீரப் பதக்கம் கிடைத்தது.

போர் முடிந்ததும், ஏஜேஎஸ் என்ற பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின் அணி. அவர்கள் வண்டிக்குப் பெயரே 'முள்ளம்பன்றி'. சிலிண்டர் தலையில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும், சூடு தணிய. சூப்பர்சார்ஜர், அதாவது என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி, வைத்து ஓட்டுவதற்காக வரைந்த என்ஜின் அது. போருக்குப் பின் சூப்பர்சார்ஜரையே தடை செய்துவிட்டார்கள். ஆக, எதற்காகப் பிறந்ததோ அது இல்லாமல் ஓட வேண்டிய வண்டி.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 1949, உலகச் சாம்பியன் போட்டித் தொடர் தொடங்கிய ஆண்டு. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள ஐல் ஆஃப் மேன் தீவில் டூரிஸ்ட் டிராஃபி, சுருக்கமாக டிடி, என்ற பந்தயம். அதில் 500 சிசி வண்டிகளுக்கானது சீனியர் டிடி. ஒரு சுற்று 60 கிலோமீட்டர், அப்படி ஏழு சுற்று, எல்லாம் ஊர்ச் சாலையும் மலைச் சாலையும். கடைசிச் சுற்றில் கிரஹாம் முன்னணியில் வருகிறார். இன்னும் இரண்டு நிமிடம் ஓட்டினால் வெற்றி. அப்போது என்ஜின் நின்றுவிட்டது. தீப்பொறி தரும் மேக்னெட்டோவைச் சுழற்றும் தண்டு முறிந்துவிட்டது. சாலையோரம் வண்டியைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து கோட்டைக் கடந்தார். மற்றவர்கள் உறுமிக்கொண்டு தாண்டிப் போகிறார்கள். இவர் தோல் உடையும் ஹெல்மெட்டுமாகத் தள்ளிக்கொண்டு வருகிறார். எனக்கு அவரை இப்படி நினைத்துப் பார்க்கத்தான் பிடிக்கும். வண்டி ஓடினாலும் நின்றாலும் கொண்டுவந்து சேர்ப்பது என்பது லங்காஸ்டரில் படிந்த பழக்கம் என்றுதான் நான் நம்புகிறேன்.

அந்த ஆண்டு சுவிட்சர்லாந்திலும் அல்ஸ்டரிலும் வென்றார். சிறந்த மூன்று முடிவுகள் மட்டுமே கணக்கு. கிரஹாமுக்கு 30, இத்தாலியின் நெல்லோ பகானிக்கு 29. ஒரே ஒரு புள்ளி! அப்போது வயது 37.

அப்புறம் 1951இல் எம்வி அகுஸ்டா என்ற இத்தாலிய மோட்டார் சைக்கிள் நிறுவனம் அழைத்தது. அவர்களுடைய நான்கு சிலிண்டர் வண்டியைப் பந்தயத்துக்குப் பக்குவப்படுத்துவதில் அவர் உழைப்பு பெரிது. 1952இல் மொன்சாவிலும் பார்சிலோனாவிலும் வென்றார். ஆனால் டிடி மட்டும் கைக்கு வரவில்லை. 1953 ஜூனில் ஒருவழியாக வந்தது, 125 சிசி பிரிவில். மறுநாள் சீனியர் டிடி. இரண்டாம் சுற்றில், பிரே ஹில் இறக்கத்தின் அடியில் வண்டி கவிழ்ந்து கிரஹாம் இறந்தார். வயது 41. இதை எத்தனை முறை படித்தாலும், அந்த ஒரு நாள் இடைவெளி என்னை உலுக்கிவிடுகிறது.

மலைச் சாலையில் பங்களோ என்ற இடத்தில் அவர் நினைவாக ஒரு நிழற்குடை கட்டியிருக்கிறார்கள். மழையும் பனிமூட்டமும் சூழும் இடம் அது. மகன் ஸ்டூவர்ட்டும் பந்தய வீரர்தான். 1967இல் அதே சாலையில் 50 சிசி டிடியை சுசுகியில் வென்றார். மூன்று சுற்றுப் பந்தயம் அது. மூன்று முறையும் அப்பாவின் நிழற்குடையைத் தாண்டித்தான் போனார்.