கொடை ரோடு ஸ்டேஷனுக்கு ஏன் அந்தப் பேரு? பஸ் ரோடுக்கு முன்னாடி கொடைக்கானல் போன பாதை

வணக்கம்ங்க. போன வீடியோ பாத்துட்டு ஒரு தம்பி கேட்டிருக்காரு, "அண்ணே, கொடை ரோடு ஸ்டேஷன்ல எறங்குனா கொடைக்கானல் இன்னும் 80 கிலோமீட்டர் இருக்கு, அப்புறம் எதுக்கு அந்தப் பேரு, பஸ் ரோடு வர்றதுக்கு முன்னாடி சனங்க எப்படி மேல போனாங்க?"ன்னு. இது நான் ரொம்ப நாளா பேசணும்னு நெனச்ச விஷயம்.

அந்த ஊரு அம்மையநாயக்கனூரு. 1875ல ரயில் லைன் இந்தப் பக்கம் வந்தப்ப கொடைக்கானலுக்குப் போறவங்க எறங்க வேண்டிய எடம் அதுதான், அதனாலதான் ஸ்டேஷனுக்கு அந்தப் பேரு. ஆனா எறங்குனதும் நாம இப்ப போற மாதிரி வத்தலக்குண்டு வழியா நேரா ஏறிட முடியாது. மாட்டு வண்டி புடிச்சு 50 கிலோமீட்டர் கிட்ட பெரியகுளம் பக்கம் போகணும், மலையடிவாரத்துல கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புன்னு ஒரு எடம், அங்க வண்டிய விட்டுட்டு அதுக்கு மேல குதிரைப்பாதை, ஒரு 12 மைல் செங்குத்தா ஏறி கொடைக்கானல ஒட்டி இருக்க செண்பகனூர்கிட்ட போய்ச் சேரும். முடிஞ்சவன் நடப்பான், வசதி இருக்கவன் குதிரையில போவான், மத்தபடி டோலிதான். டோலின்னா என்ன, ஒரு நாற்காலியில மூங்கிலக் கட்டி ஆளு தோள்ல வச்சுத் தூக்கிட்டுப் போறது. பொட்டி படுக்கை, அரிசி பருப்பு எல்லாமே தலைச்சுமை. வெள்ளைக்காரங்க இந்தப் பாதைக்கு வச்ச பேரே கூலி காட், காட்னா மலைப்பாதை.

வெள்ளைக்காரன்தான் கொடைக்கானலக் கண்டுபுடிச்சான்னு கமெண்ட்ல நெறய பேர் போடுறீங்க, அது தப்புங்க. 1821ல லெப்டினன்ட் வார்டு சர்வே எடுக்க வந்தப்பவே மேல ஊரு இருக்கு, வில்பட்டி இருக்கு, பூம்பாறை இருக்கு, அந்த ஊருக்காரங்கள்லாம் அதுக்கு முன்னாடியே ஏறி எறங்கிட்டுத்தான் இருந்தாங்க. 1834ல மதுரை சப் கலெக்டர் ராட்டன்னு ஒருத்தரும் காட்டன்னு ஒரு அதிகாரியும் தேவதானப்பட்டிப் பக்கமிருந்து ஏறி, அடுக்கம் கணவாயோட உச்சியில ஒரு சின்ன பங்களா கட்டுனாங்க. அப்புறம் மதுரையில இருந்த அமெரிக்க மிஷன்காரங்க, காய்ச்சலும் காலராவும் ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்து குடும்பம் குடும்பமா செத்துக்கிட்டிருந்தாங்க, மொதல்ல சிறுமலையில போய் இருந்து பாத்தாங்க, அங்கயும் மலேரியா விடல, அதனால 1845ல கொடைக்கானல்ல ரெண்டு வீடு கட்டுனாங்க. ஊரு அங்கருந்துதான் வளந்துச்சு. ஏரி 1863ல மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்ச் கட்டுனது, அது எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வர்றது என்னன்னா, ஏரி வெட்டி 50 வருஷத்துக்கு வண்டி ஏற ரோடே கெடையாது. பங்களாவுல இருந்த ஜன்னல் கண்ணாடியிலருந்து பியானோ வரைக்கும் நம்ம சனங்க முதுகுலயும் தலையிலயும் ஏறுனதுதான். லெவிஞ்ச் பேரு எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு, தூக்குனவங்கள்ல ஒருத்தர் பேராவது எங்கயாச்சும் இருக்கான்னு நானும் தேடிக்கிட்டேதான் இருக்கேன்.

வத்தலக்குண்டு ரோடு, அதான் லாஸ் காட்னு சொல்வாங்க, மேஜர் லா பேருல வந்தது, 1914ல முடிஞ்சு 1916ல பொதுமக்களுக்குத் தொறந்தாங்க. அதோட பழைய பாதையில கூட்டம் கொறைஞ்சு போச்சு.

ஆனா டோலி நின்னுருச்சுன்னு நெனச்சுராதீங்க. பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவிக்கு மேல வெள்ளகவின்னு ஒரு ஊரு, கொடைக்கானலுக்கு முந்தின ஊருன்னு அங்க சொல்வாங்க. நான் போனப்ப ரோடு கெடையாது. ஊரு எல்லையிலயே செருப்பக் கழட்டிரணும், வீடுங்களுக்கு நடுவுல கோயிலு இருக்கறதால உள்ள யாரும் செருப்புப் போட மாட்டாங்க, கருங்கல்லு அவ்ளோ சில்லுன்னு இருந்துச்சு. எனக்கு முன்னாடி ரெண்டு குதிரை அரிசி மூட்டையோட ஏறிட்டு இருந்துச்சு, வழியில கல்லு நடுவுல குழிஞ்சு வழுவழுன்னு தேஞ்சு கெடந்துச்சு, கால வச்சா சரியா அதுக்குள்ள உக்காருது. ஒரு அம்மா சொன்னாங்க, "முடியாதவங்கள நாங்க இன்னமும் போர்வையில கட்டித்தான் தூக்கிட்டு எறங்குறோம் தம்பி"ன்னு. எனக்குப் பேச்சே வரல.

இப்ப பெரியகுளத்துலருந்து அடுக்கம் வழியா தார் ரோடு ஒண்ணு வந்துருச்சு, ரொம்பக் குறுகலு, மழைக்கு மண் சரியும், பாத்துப் போங்க. பழைய பாதையில நடக்கணும்னா வனத்துறைகிட்ட பர்மிஷன் வாங்கிட்டுப் போங்க தம்பி, வெள்ளகவியில செருப்பக் கழட்ட மறந்துராதீங்க.