ஒத்திகையில் சிரிப்பு நின்றுவிட்டால் வசனத்தை மாற்றலாமா?

சரி, அடுத்த கேள்வி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். ஊர்க் கோவில் திருவிழாவான கொடைக்கு இளைஞர்கள் சேர்ந்து நகைச்சுவை நாடகம் போடுகிறார்களாம். முதல் வாரம் ஒத்திகையில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், இப்போது ஒருத்தரும் சிரிப்பதில்லை, வசனத்தை மாற்றி எழுதுவோம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள் என்கிறார். ஆனால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நடிக்கிற இரண்டு பேருக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லையாம். இரண்டுக்கும் என்ன வழி என்று கேட்கிறார்.

தம்பி, ஒரு வரியைக்கூட இப்போது மாற்றாதீர்கள். ஒத்திகையில் சிரிப்பு நிற்கத்தான் செய்யும். அடுத்து என்ன வரப்போகிறது என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும், தெரிந்த சங்கதிக்கு யார் சிரிப்பார்கள்? கொடைக்கு வந்து உட்காருகிறவருக்கு அது தெரியாது. உண்மையான வேலை சிரிப்பு நின்ற பிறகுதான் ஆரம்பிக்கிறது. அதுவரை நடிகர்கள் வசனத்தை ரசித்துக்கொண்டிருப்பார்கள். அதற்கப்புறம்தான், ‘இந்த ஆளு இதை எதுக்குச் சொல்லுதாரு?’ என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

எங்கள் குழுவில் போடுகிற ஒரு காட்சியைச் சொல்கிறேன். கல்யாணம் முடிந்து சொதிச் சாப்பாடு நடக்கிற வீடு. பந்தல்காரருக்குக் கொடுக்கவேண்டிய பாக்கியைப் பெண்ணின் அப்பா முந்தின காட்சியிலேயே ‘நாளைக்குப் பாப்போம்’ என்று தள்ளிவிட்டிருக்கிறார். இப்போது சம்பந்தியைப் பந்தலில் உட்கார வைத்துப் பேசுகிறார்: ‘இந்த வீட்டுல எவனுக்கும் ஒத்தப் பைசா கடன் கிடையாது, சம்பந்தி.’ பந்தல்காரர் உள்ளே வருகிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு இரும்பு நாற்காலியை மடக்குகிறார், டக். அடுத்ததையும் மடக்குகிறார், டக். மூன்றாவது நாற்காலியில் சம்பந்தி உட்கார்ந்திருக்கிறார். ‘அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிங்க.’

எழுதினால் நாலு வரிதான். ஆனால் எங்கள் ஒத்திகையில் அதிக நேரம் எடுத்த இடம் இதுதான். அப்பா ‘கிடையாது’ என்று முடித்து, தோளில் துண்டைச் சரிசெய்து, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்த பிறகுதான் பந்தல்காரர் நுழையவேண்டும். கொஞ்சம் முந்தி வந்தால் சனம் அவரைப் பார்த்துவிடும், ‘கிடையாது’ காதில் விழாது. பிந்தினால் அந்தப் பெருமை ஆறிப்போகும். நாற்காலி எத்தனை என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒன்றை மட்டும் மடக்கிவிட்டுச் சம்பந்தியிடம் போனால், பார்க்கிறவருக்கு விஷயம் பிடிபடுவதற்குள் முடிந்துவிடும். மூன்று நாலு மடக்கினால் சனம் நமக்கு முன்னாலேயே போய்ச் சம்பந்தி நாற்காலியில் நிற்கும். இரண்டுதான் சரி.

இதையெல்லாம் சரிசெய்தும் காட்சி எடுபடவில்லை. பந்தல்காரராக நடித்த பையன் நாற்காலியை மடக்கிவிட்டு அப்பாவை ஒரு பார்வை பார்ப்பான், ‘எப்படி மாட்டிக்கிட்டே’ என்கிற மாதிரி. அவனிடம் இப்படிச் சொன்னோம்: ‘நீ யாரையும் அவமானப்படுத்த வரலை. மேலப்பாளையத்துல சாயங்காலம் இன்னொரு பந்தல், அங்க நாற்காலி பத்தலை, லோடு ஆட்டோ வாசல்ல நிக்கி. உனக்கு நாற்காலி வேணும், அவ்வளவுதான்.’ அதற்கப்புறம் அவன் ஒருத்தர் முகத்தையும் பார்க்கவில்லை, நாற்காலியை மட்டும் பார்த்தான். ‘எந்திரிங்க’ என்பதை ரொம்ப மரியாதையாகச் சொன்னான். காட்சி அப்போதுதான் எடுபட்டது. நகைச்சுவை நாடகத்தில் மேடையில் இருக்கிற ஒருத்தருக்கும் அது நகைச்சுவை என்று தெரியக்கூடாது. அவரவருக்கு அவரவர் அவசரம். உங்கள் பையன்களிடம் ஒவ்வொரு வரிக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: உனக்கு இப்போ என்ன வேணும்? பதில் ‘சனம் சிரிக்கணும்’ என்று வந்தால் அந்த வரி இன்னும் தயாராகவில்லை.

சிரிப்பை அடக்க முடியாத இரண்டு பேர் விஷயத்துக்கு வருகிறேன். அவர்களைத் திட்டாதீர்கள், திட்டினால் கூடத்தான் செய்யும். காரணம் என்னவென்றால், அந்த இடத்தில் அவர்கள் பாத்திரத்தைப் பார்க்கவில்லை, கூட்டாளியின் முகத்தைப் பார்க்கிறார்கள். கைக்கும் கண்ணுக்கும் ஒரு வேலை கொடுங்கள். எங்கள் சம்பந்திக்கு வெற்றிலைத் தட்டைக் கொடுத்தோம். காம்பு கிள்ள வேண்டும், சுண்ணாம்பு தடவ வேண்டும், கண் தானாகக் கீழே இறங்கிவிடும். உதட்டைக் கடித்து மூச்சைப் பிடித்தால் சிரிப்பு பீறிட்டுத்தான் வரும். மூச்சை முழுசாக வெளியே விட்டுவிட்டு வசனத்தை எடுக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு துண்டை மட்டும் மெதுவாகத் திரும்பத் திரும்பப் போடுங்கள், அலுத்துப்போகிற வரைக்கும்.

புது ஜோக் எழுதுவோம் என்கிற பேச்சு பழைய வியாதி. தூத்துக்குடி பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளைத் தெரிந்திருக்கும், அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். பெரிய நடிகர்கள் மேடையில் இஷ்டத்துக்குப் பேசுவது பிடிக்காமல்தான் அவர் சிறுவர்களை வைத்துக் கம்பெனி நடத்தினார் என்று நாடக உலகில் சொல்வார்கள். 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய பாலசபையில் பையன்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கிப் பாடம் படித்தார்கள். அதே சுவாமிகளின் வள்ளி திருமணத்தை இன்றைக்கு ஸ்பெஷல் நாடகமாகப் போடுகிறவர்கள் ஒத்திகையே பார்ப்பதில்லை. ஆளுக்கு ஒரு ஊரிலிருந்து வந்து, அன்றைக்கு ராத்திரிதான் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள். கோமாளியாக வருகிற பபூன் நினைத்ததைப் பேசுவார், அத்தனையும் எடுபடும். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அவர்களுக்கு அது வருஷக்கணக்கான தொழில். கொடைக்கு ஒரு தடவை மேடை ஏறுகிற நமக்கு, எழுதி வைத்ததுதான் கைப்பிடி.

அப்புறம், காத்திருப்பதை ஒத்திகை பாருங்கள். சனம் சிரிக்கும்போது அடுத்த வசனத்தைப் பேசினால் அது போச்சு. சிரிப்பு பால் மாதிரி பொங்கி மேலே வரும், அடங்க ஆரம்பிக்கும்போது பேசவேண்டும். முழுசாக அடங்கட்டும் என்று நின்றால் மறுபடி முதலிலிருந்து சூடேற்ற வேண்டியிருக்கும். ஒத்திகையில் சிரிக்க ஆள் இல்லையே என்றால், நடத்துகிறவர் சிரிப்பு வரவேண்டிய இடத்தில் கையைத் தட்டிக்கொண்டே இருக்கட்டும், தட்டல் குறையும்போது அடுத்த ஆள் எடுக்கட்டும். கோவில் திடலில் முன்னால் மணலில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள், பின்னால் நிற்கிற பெரியவர்கள் கொஞ்சம் கழித்து. மண்டபத்தை விட அங்கே கூடுதலாகக் காத்திருக்கவேண்டும்.

இதற்கு நல்ல பாடம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. கொடையில் வில்லுப்பாட்டு இருக்குமல்லவா? பாடுகிறவரை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ‘ஆமா’ போடுகிறவரைக் கவனியுங்கள். அந்தக் கதையை எத்தனையோ கோவில்களில் கேட்டவர், இருந்தாலும் இப்போதுதான் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, சரியான இடத்தில் ‘ஆமா’ சொல்வார். உங்கள் நாடகத்தில் வசனம் இல்லாமல் நிற்கிறவர்கள் அப்படிக் கேட்கவேண்டும்.

கடைசி இரண்டு மூன்று நாள், நாடகத்தைப் பார்க்காத ஒன்றிரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். டீ கொண்டு வருகிற அக்காவாக இருந்தாலும் சரி. அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் நடிகர்களிடம் அதைச் சொல்லாதீர்கள். சொன்னால் மறுநாள் அதே இடத்தில் இழுக்க ஆரம்பிப்பார்கள். எங்கே புரியாமல் முழிக்கிறார்களோ, அந்த வரியை மட்டும் திருத்தலாம்.

இன்னொன்று, ரேடியோ செட்காரர். மேடையில் சத்தம் இல்லாமல் போனால் யாரோ வசனத்தை மறந்துவிட்டார்கள் என்று நினைத்துப் பாட்டைப் போட்டுவிடுவார். அவர் மேல் தப்பில்லை, நாம்தான் சொல்லவேண்டும். எந்தெந்த இடத்தில் பேச்சில்லாமல் இருக்கும் என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு அவருக்கு ஒரு பிரதி கொடுங்கள். முடிந்தால் கடைசி ஒத்திகைக்கே அவரை வரச்சொல்லுங்கள்.