கொரோனாதான் போய்விட்டதே, இன்னும் எதற்கு மருந்து?

வணக்கம். குளச்சல் துறைமுகத்தில் நிற்கிறேன். காற்று பலமாக அடிக்கிறது, குரல் தெளிவாக இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "கொரோனாதான் போய்விட்டதே, விஞ்ஞானிகள் இன்னும் எதற்கு அதற்கு மருந்து தேடுகிறார்கள்?" நியாயமான கேள்வி.

இங்கே இப்போது தடைக்காலம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. இந்த அண்ணனைப் பாருங்கள். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, அறுந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக முடிகிறார். ஆகஸ்டில் மீன் வந்த பிறகா கிழிசலைத் தேடுவார்கள்? மருந்துக்கும் அதுதான் கணக்கு.

2003இல் சார்ஸ் என்ற இன்னொரு கொரோனா வைரஸ் நோய் பரவியபோது ஃபைசர் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் ஒரு மூலக்கூறை வடிவமைத்தார்கள். கொரோனா வைரஸ் நம் செல்லுக்குள் நுழைந்ததும் தனக்கு வேண்டிய புரதங்களில் பலவற்றை ஒரே நீளச் சங்கிலியாகத்தான் செய்துகொள்கிறது. முதன்மை புரோட்டியேஸ் என்ற நொதி அந்தச் சங்கிலியை 11 இடங்களில் வெட்டித் தர வேண்டும். வெட்டு விழாவிட்டால் வைரஸ் பெருகாது. அந்த நொதியின் வெட்டும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வதுதான் மூலக்கூறின் வேலை. அதற்குள் சார்ஸ் அடங்கிவிட்டது, மூலக்கூறும் அலமாரிக்குப் போய்விட்டது.

2020இல் அதை மறுபடி எடுத்தார்கள். புதிய வைரஸின் நொதி பழைய சார்ஸின் நொதியோடு 96 சதவீதம் ஒத்திருந்தது. ஆனால் பழைய மூலக்கூறை ஊசியாகத்தான் செலுத்த முடியும். மாத்திரையாக விழுங்கும்படி மாற்றி அமைத்ததுதான் நிர்மட்ரெல்விர். 2021 டிசம்பரில் அமெரிக்கா அவசர அனுமதி கொடுத்தது. "இரண்டே ஆண்டில் கண்டுபிடித்தார்கள்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். 2003ஐ யார் கணக்கில் சேர்ப்பது?

முன்தயாரிப்பு இல்லாமல் அவசரத்தில் தேடினால் என்ன ஆகும் என்பதற்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற பழைய மலேரியா மருந்து சாட்சி. குரங்கின் சிறுநீரக செல்களில் அது வைரஸைத் தடுத்தது. உலகமே அந்த மாத்திரைக்கு அலைந்தது. மனித நுரையீரல் செல்களில் சோதித்தபோது பலனில்லை. அங்கே வைரஸ் நுழைவது வேறு வழியாக, இந்த மருந்து அடைக்கும் வழியாக அல்ல. 2020 ஜூனில் பிரிட்டனின் பெரிய மருத்துவமனை ஆய்வும் அதே முடிவைத்தான் சொன்னது.

நிர்மட்ரெல்விரிலும் சிக்கல் உண்டு. கல்லீரல் அதைச் சீக்கிரம் சிதைத்துவிடும். அதைத் தடுக்க ரிட்டோனாவிர் என்ற பழைய எச்ஐவி மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அது மற்ற மாத்திரைகள் சிதைவதையும் தடுத்துவிடுகிறது. கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவருக்கு இது ஆபத்து. வீட்டில் பெரியவர்களுக்கு மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக மெர்ஸ். அதுவும் கொரோனா வைரஸ்தான். 2012இல் சவுதி அரேபியாவில் கண்டறியப்பட்டது, ஒட்டகங்களிடமிருந்து தொற்றுகிறது. பதிவான நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அதற்கென்று அனுமதி பெற்ற மருந்து ஒன்றுகூட இன்னும் இல்லை. மார்த்தாண்டத்து நண்பரே, உங்கள் தெருவிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போயிருப்பவர்கள் எத்தனை பேர்?