மன்றமில்லாப் பெருநகரம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நாம் இப்போது கூடியிருக்கும் தாம்பரத்துக்கு அருகே, ஆதனூர் ஏரியில் தொடங்கும் அடையாறு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடி வங்கக் கடலில் கலக்கிறது. பெரிய ஆறு அன்று. ஆனால் அது கடந்து செல்லும் ஆட்சி எல்லைகளை எண்ணத் தொடங்கினால் மலைப்பே உண்டாகும். முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற ஊராட்சிகளைத் தொட்டு வரும் ஆறு, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரை ஏற்றுக்கொள்கிறது. அனகாபுத்தூரில் இன்றைய தாம்பரம் மாநகராட்சியை ஒட்டிச் செல்கிறது. கவுல் பஜாரில் மீண்டும் ஓர் ஊராட்சியைக் காண்கிறது. விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுதளத்துக்கு அடியில் புகுந்து, மணப்பாக்கம், நந்தம்பாக்கம் வழியாகச் சென்னை மாநகராட்சிக்குள் சென்று சேர்கிறது. ஆற்றுப் படுகை நீர்வளத் துறையைச் சேர்ந்தது. அதில் வந்து விழும் மழைநீர் வடிகால்கள் அந்தந்த உள்ளாட்சிக்கு உரியவை. விமான நிலையமோ மத்திய அரசின் பொறுப்பு.

2015 டிசம்பர் முதல் நாள் இரவு என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் வினாடிக்கு 29,000 கன அடியை எட்டியது. அதோடு, மேற்பகுதியிலுள்ள ஏரிகள் ஒவ்வொன்றாக நிரம்பி வழிந்த நீரும் சேர்ந்துகொண்டது. மதகைத் திறக்கும் துறை ஒன்று, கரையோரத்தில் வீடு கட்ட அனுமதி தந்த அமைப்பு வேறொன்று, மக்களை அப்புறப்படுத்த வேண்டிய நிர்வாகம் இன்னொன்று. ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் கடமையைச் செய்ததாக வைத்துக்கொண்டாலும், ஆற்றை ஆதனூர் முதல் கழிமுகம் வரை ஒரே பொருளாகக் கருதி, அதற்காக மக்களுக்கு விடை சொல்லக் கடமைப்பட்ட மன்றம் எதுவும் அன்று இருக்கவில்லை. இன்றும் இல்லை என்பதே என் கவலை.

மாநகராட்சி என்ற நிறுவனம் நமக்குப் புதிதன்று. 1688ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் சென்னை மாநகராட்சி தொடங்கிவிட்டது. ஆனால் ஊர் வளர்ந்த வேகத்துக்கு எல்லை வளரவில்லை. 2011 வரை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டர்தான். அதோடு, சுற்றியிருந்த நகராட்சிகளும் பேரூராட்சிகளும் இருநூற்றுக்கும் மேற்பட்ட ஊராட்சிகளும் சேர்ந்த 1,189 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைத்தான் சென்னைப் பெருநகரப் பகுதி என்று அழைத்தோம். அந்த எல்லை 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. ஐந்து மாவட்டங்களைத் தொடும் அந்த நிலப்பரப்புக்குத் திட்டம் வகுக்க ஒரு குழுமம் உண்டு. அதன் தலைவர் மாநில அமைச்சர். அதை ஆள்வதற்கு, அதன் மக்கள் தேர்ந்தெடுத்த அவை கிடையாது.

எல்லை பிரிந்து கிடந்ததால் நேர்ந்த அநீதிக்குப் பெருங்குடி குப்பைக் கிடங்கைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாக மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்த சதுப்புநிலத்தில் கொட்டப்பட்டது. குப்பையை உண்டாக்கியவர்கள் ஒரு மன்றத்துக்கு வாக்களித்தார்கள். அதன் புகையைச் சுவாசித்தவர்கள் வேறொரு மன்றத்துக்கு வாக்களித்தார்கள். முன்னவரின் மன்றத்தில் பின்னவருக்குக் குரல் இல்லை. அந்தப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சர் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றபோது நாம் மகிழ்ந்தோம். எஞ்சியிருந்த நிலத்துக்குக் கிடைத்த பெருமை அது.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே மாநகராட்சியாக இணைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். 2011இல் அதைத்தான் செய்தோம். ஒன்பது நகராட்சிகள், எட்டுப் பேரூராட்சிகள், இருபத்தைந்து ஊராட்சிகள் சென்னையோடு சேர்ந்து, மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டரானது. பெருங்குடியும் உள்ளே வந்தது, அது நல்லதே. ஆனால் அந்த இணைப்பில் நாம் இழந்த ஒன்றைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆலந்தூரை நினைத்துப் பாருங்கள்.

1990களின் பிற்பகுதியில் ஆலந்தூர் நகராட்சி பாதாளச் சாக்கடை அமைக்க முடிவெடுத்தது. கையில் போதிய பணம் இல்லை. நகராட்சித் தலைவரும் உறுப்பினர்களும் தெருத்தெருவாகச் சென்று பேசினார்கள். வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்வைப்புத் தொகை தர மக்கள் முன்வந்தார்கள். குழாய் பதிப்பதற்கு முன்பே, திட்டம் தொடங்குமா என்ற உறுதி பிறப்பதற்கு முன்பே, நடுத்தரக் குடும்பங்கள் தங்கள் சேமிப்பை எடுத்துக் கொடுத்தன என்றால், கேட்டவரை அவர்களுக்கு நேரில் தெரியும் என்பதும், வேலை நடக்காவிட்டால் மறுநாளே அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம் என்பதுமே காரணம். இந்த நம்பிக்கையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். நாடு முழுவதிலிருந்தும் நகராட்சியினர் வந்து பார்த்துக் கற்றுச்சென்ற திட்டம் அது. அதே ஆலந்தூர் இன்று சென்னை மாநகராட்சியின் ஒரு மண்டலம். மண்டலத்துக்குத் தன் விருப்பப்படி வரி விதிக்கவோ கடன் வாங்கவோ உரிமை கிடையாது. இதில் இன்னொரு செய்தியும் உண்டு: ஆலந்தூரின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் அமைந்தது பெருங்குடியில். அத்தனை ஊக்கமுள்ள நகராட்சிக்கும் அடுத்த ஊரின் மண் தேவைப்பட்டது.

இணைத்தாலும் பிரித்தாலும் ஏதோ ஒன்று கைநழுவுகிறது. பெங்களூரு 2007இல் சுற்றியிருந்த நகராட்சிகளையும் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களையும் சேர்த்து ஒரே மாநகராட்சியானது. 2025இல் அதையே ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்து, மேலே முதலமைச்சர் தலைமையில் ஓர் ஆணையத்தை வைத்தார்கள். தில்லி 2012இல் மூன்றாகப் பிரிந்து 2022இல் மீண்டும் ஒன்றானது. நம்மிடமும் ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது; ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் 2021இல் மாநகராட்சியானது. எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்பதிலேயே நம் முழுக் கவனமும் செலவாகிறது. கோட்டை எங்கே போட்டாலும் அதைத் தாண்டிச் செல்லும் ஆறும் பேருந்தும் குப்பை லாரியும் இருக்கத்தான் செய்யும்.

இலண்டன் இதை வலியோடு கற்றது. 1965இல் அமைந்த பெரு இலண்டன் மன்றம் முழு நகரத்துக்கும் பொதுவான பொறுப்புகளை ஏற்றது. அதன்கீழ் 32 வட்டாரங்களும் பழைய நகரப் பகுதியும் தத்தம் மன்றங்களோடு இயங்கின. அரசியல் பகையில் 1986இல் அந்த மேல்மன்றம் கலைக்கப்பட்டது. வட்டாரங்கள் இருந்தன, நகரம் இருந்தது, நகரத்துக்காகப் பேசுவோர் இல்லை. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், பொது வாக்கெடுப்பின் ஒப்புதலோடு, 2000இல் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரும் 25 உறுப்பினர் கொண்ட அவையும் வந்தனர். அங்கு நான் கவனிப்பது வேலைப் பங்கீட்டை: பேருந்தும் சுரங்க ரயிலும் நிலப் பயன்பாட்டின் பெருந்திட்டமும் மேலே, குப்பை அள்ளுவதும் நூலகமும் உள்ளூர்த் தெருவும் கீழே. யாரும் யாரையும் விழுங்கவில்லை.

இதற்கு நாம் இலண்டன் வரை போக வேண்டியதும் இல்லை. 1993 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள எழுபத்து நான்காவது அரசியலமைப்புத் திருத்தம், பத்து இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட ஒவ்வொரு பெருநகரப் பகுதிக்கும் பெருநகரத் திட்டக் குழு வேண்டும் என்கிறது. அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதோர், அப்பகுதியின் நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தமக்குள்ளிருந்து தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். தண்ணீரைப் பகிர்ந்துகொள்வது, நிலத்தை ஒருங்கே திட்டமிடுவது, சுற்றுச்சூழலைக் காப்பது ஆகியவை அதன் வரைவுத் திட்டத்தில் கருதப்பட வேண்டும் என்று சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கொல்கத்தா 2001இல் இக்குழுவை அமைத்தது. முதலமைச்சர் தலைமை தாங்கும் அந்த அமைப்பை முழுமையான முன்மாதிரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் உள்ளாட்சி உறுப்பினர்கள் அமர ஒரு மேசையாவது போடப்பட்டது. சென்னையில் முழுமைத் திட்டம் வகுக்கும் பணி இன்றும் மாநில அரசின் குழுமத்திடமே இருக்கிறது. சென்னை மாமன்றத்தில் 200 உறுப்பினர், தாம்பரத்தில் 70, ஆவடியில் 48. அண்டை ஊரின் உறுப்பினரோடு அமர்ந்து முடிவெடுக்க இந்த 318 பேருக்கும் அதிகாரமுள்ள பொது அவை ஒன்று இல்லை.

போக்குவரத்தில் மட்டும் சற்று வெளிச்சம் தெரிகிறது. கும்டா என்று நாம் சுருக்கிச் சொல்லும் ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010இலேயே வந்தது. அது உயிர்பெறப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. 2025இல் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் ஆகியவற்றுக்கு ஒரே செயலியில் பயணச்சீட்டு எடுக்க வழி பிறந்தது. மாநில அரசின் பேருந்தும் மத்திய அரசின் ரயிலும் ஒரே சீட்டில் இணையலாம் என்றால், ஓர் ஆற்றின் இரு கரைகள் ஒரு தீர்மானத்தில் இணைய முடியாதா?

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூர், படூர், கேளம்பாக்கம் பக்கம் போய்ப் பாருங்கள். அடுக்குமாடிகளின் உயரத்துக்கு அனுமதி தருவது மாநில அரசின் திட்டமிடல் அமைப்புகள். அங்கே கழிவுநீரை ஏற்றிக்கொண்டு லாரிகள் வரிசையாகப் போகின்றன. குடிதண்ணீர் வருவதும் லாரியில்தான். இதற்கெல்லாம் பதில் சொல்லும்படி மக்கள் கேட்பது ஊராட்சித் தலைவரை. ஒரு கிராமத்துக்கென வகுக்கப்பட்ட ஊழியர்களையும் அதிகாரத்தையும் வைத்துக்கொண்டு ஒரு நகரத்தை அவர் எப்படி நடத்துவார்? சொத்து வரி கட்டடம் நிற்கும் ஊருக்கே சேர்கிறது. கட்டடம் குறைந்த, ஏரியையும் நீர்ப்பிடிப்பையும் காத்து நிற்கும் ஊருக்கு எதுவும் சேர்வதில்லை. வெள்ளத்தைத் தாங்கும் ஊருக்குப் பெருநகரம் தன் வருவாயில் ஒரு பங்கு தர வேண்டும் என்பதே நியாயம். அதைத் தீர்மானிக்கும் அவையில் அந்த ஊரின் தலைவரும் இருக்க வேண்டும்.

இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026ஆம் ஆண்டோடு முடிகிறது. அதற்கடுத்த இருபதாண்டுக்கான மூன்றாம் திட்டம் உருவாகிவருகிறது. வரைவின் மீது கருத்துச் சொல்ல உங்களை அழைக்கும்போது, உங்கள் தெருவின் பெயரை மட்டும் அதில் தேடாதீர்கள். ஆதனூரிலிருந்து கடல் வரை ஆற்றின் கரையை விரலால் தடவிப் பாருங்கள். அனகாபுத்தூரின் உறுப்பினரும் கவுல் பஜாரின் ஊராட்சித் தலைவரும் மணப்பாக்கத்தின் உறுப்பினரும் அந்தக் கரையைப் பற்றி எந்த நாளில், எந்த அறையில் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள் என்று எழுத்துமூலம் கேளுங்கள்.